‘யாவும் கற்பனை’ என்று போட்டால் போதுமா? நிச மனிதரைக் கதையிலும் தன்வரலாற்றிலும் எழுதப் போகிறவர்களுக்கு

எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்துச் சிறுகதைகள் பலவற்றின் கீழே, அடைப்புக்குறிக்குள் ஒரு வரி கிடக்கும்: யாவும் கற்பனை. ஞாயிறு வாரமலருக்குக் கதை அனுப்பிப் பழகிய வாத்தியார்மாரும் போட்டார்கள், இன்று முகநூலில் எழுதுகிற பெடியளும் போடுகிறார்கள். கையில் காப்பு நூல் கட்டிவிட்டால் பேய் அண்டாது என்பதைப் போன்ற நம்பிக்கை.

இப்படியான அறிவிப்புக்குப் பின்னால் ஒரு பழைய வழக்கு இருக்கிறது. 1932இல் அமெரிக்கப் படக் கொம்பனியான எம்.ஜி.எம்., ரஷ்ய அரச குடும்பத்தில் செல்வாக்கோடு இருந்த சாமியார் ரஸ்புட்டினைப் பற்றி ஒரு படம் எடுத்தது. அதில் வரும் இளவரசி தன்னைத்தான் குறிக்கிறாள், ரஸ்புட்டின் தன்னைக் கெடுத்ததாகக் காட்டியிருக்கிறார்கள் என்று ரஷ்ய இளவரசி இரினா யூசுப்போவ் லண்டனில் வழக்குப் போட்டார். பாத்திரத்தின் பெயர் வேறு. ஆனாலும் 1934இல் அவருக்கு 25,000 பவுண் நட்டஈடு கிடைத்தது. அதற்குப் பிறகுதான் ‘பாத்திரங்கள் அனைத்தும் கற்பனையே’ என்ற அறிவிப்பு படங்களில் வழமையானது. சினிமாக் கொம்பனிகள் பயத்தில் தொடங்கிய பழக்கம் அது. எந்தச் சட்டமும் அந்த வரிக்கு விலக்குக் கொடுக்கவில்லை.

சில நேரம் அந்த வரி எழுதியவருக்கு எதிராகவே திரும்பும். உங்கள் கதையில் ஒரு பள்ளிக்கூட அதிபர் பிள்ளைகளைச் சேர்க்கக் காசு வாங்குகிறார். வாசித்த சனம் ‘இது இன்னார்தான்’ என்று கண்டுபிடித்துவிட்டது. அவர் வழக்குப் போட்டால், ‘அவர் காசு வாங்கியது உண்மை’ என்று நீங்கள் வாதாட நினைப்பீர்கள். ஆனால் எல்லாமே கற்பனை என்று நீங்களே அச்சில் எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். தன்வரலாறு எழுதுகிறவருக்கு இதன் மறுபக்கம். ‘அத்தனையும் உண்மை’ என்று முன்னுரையில் எழுதியவர் ஒவ்வொரு வரியையும் நிரூபிக்க ஆயத்தமாக இருக்க வேண்டும். ஆகவே முன்னுரையில் எதைப் போடுவது என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, கைப்பிரதிக்குள் செய்ய வேண்டிய வேலையைப் பார்ப்போம்.

சட்டம் பற்றி, தேவையான அளவு மட்டும்

இலங்கையில் ஒருவரை அவதூறு செய்தது இப்போது மறியலுக்குப் போகிற குற்றம் இல்லை. தண்டனைச் சட்டக்கோவையில் இருந்த குற்றவியல் அவதூறு 2002இல் நீக்கப்பட்டது. மிஞ்சியிருப்பது சிவில் வழக்கு, சனம் ‘மானநட்ட வழக்கு’ என்று சொல்வது. மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈடு கேட்டுப் போடுவார்கள். இதில் ஓடுவது ஒல்லாந்தர் கொண்டுவந்த றோமன் டச்சுச் சட்டம். ‘எங்களுக்குத் தேசவழமை அல்லவா?’ என்று சிலர் கேட்பதுண்டு. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை காணி, சீதனம், முதுசம் என்று சொத்து விடயங்களோடு நின்றுவிடும்.

றோமன் டச்சுச் சட்டத்தில் எழுத்தாளர் நெஞ்சில் வைத்திருக்க வேண்டியவை இரண்டு. ஒருவரின் பெயரைக் கெடுக்கும் சொற்களை வெளியிட்டுவிட்டால், கெடுக்கும் நோக்கம் உங்களுக்கு இருந்தது என்று நீதிமன்றம் முதலில் அனுமானித்துக்கொள்ளும். இல்லை என்று காட்டுவது உங்கள் பாடு. மற்றது, எங்கள் சட்டத்தில் உண்மை மட்டும் போதாது. அது உண்மையாகவும் இருக்க வேண்டும், அதை வெளியிட்டதில் பொதுநன்மையும் இருக்க வேண்டும். இங்கிலாந்தில் உண்மை என்று நிரூபித்தால் அவதூறு வழக்கு முடிந்தது. இங்கே முடியாது. முப்பது வருடத்துக்கு முன் பக்கத்து வீட்டுப் பெண் ஒருவருக்கு இருந்த உறவை நீங்கள் எழுதுகிறீர்கள், கையில் கடிதங்களும் இருக்கின்றன என்று வையுங்கள். உண்மைதான். பொதுசனத்துக்கு அதில் என்ன நன்மை? ‘நான் உள்ளதைத்தானே எழுதினன்’ என்ற பேச்சு அந்த இடத்தில் எடுபடாது. அதே காசு வாங்கிய அதிபரின் கதையில், பொதுப் பணத்தில் நடக்கும் பள்ளிக்கூடம் என்றபடியால், பொதுநன்மை இருக்கிறது.

வழக்குப் போட இரண்டு ஆண்டு அவகாசம். 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்கிறது.

செத்தவர் பற்றி எல்லாரும் கேட்பார்கள். மானம் அவரவருடையது என்பதால், இறந்தவர் சார்பில் பிள்ளைகள் இங்கே நட்டஈடு வாங்குவது மிகக் கடினம். ஆனால் செத்தவரைப் பற்றி எழுதுகிற வரி உயிரோடு இருப்பவரைச் சுடலாம். ‘அந்த மனுசிக்குப் பிறந்த மூத்த பெடியன் புருசனுடையவன் இல்லை’ என்று எழுதினால், மனுசி செத்து இருபது வருடமானாலும் மூத்த பெடியனுக்கு இப்போது அறுபது வயது, சுன்னாகத்தில் கடை வைத்திருக்கிறார். இந்தியாவில் நிலைமை வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

1. ஆள்பட்டியல்

முதல் வரைவை எழுதும்போது இதைச் செய்ய வேண்டாம். லோயர் தோளில் ஏறி இருந்தால் கதை வராது. எழுதி முடித்தபின் ஒரு கொப்பி எடுத்து, நிச வாழ்க்கையிலிருந்து வந்த ஒவ்வொருவரையும் எழுதுங்கள். பெயருக்கு நேரே நாலு விடயம்: உயிரோடு இருக்கிறாரா, எந்த நாட்டில் இருக்கிறார், அவரைப் பற்றி நான் சொன்னதில் மிக மோசமானது எது, அது எனக்கு எப்படித் தெரியும்.

கடைசிக் கேள்விதான் கைப்பிரதியைச் சல்லடை போடும். ‘கண்டேன்’ என்பது ஒரு பதில், ‘அவரே என்னிடம் சொன்னார்’ என்பது இன்னொன்று. ‘அம்மா சொல்லுவா’, ‘ஊரில் கதைத்தவை’ என்று வருகிற இடங்களைச் சிவப்புப் பேனையால் வட்டமிடுங்கள். ‘என்று ஊர் சொன்னது’ என்ற ஒட்டைப் போட்டால் தப்பலாம் என்று பலர் நினைக்கிறார்கள். வதந்தியை மறுபடி அச்சில் சொன்னவரும் சொன்னவர்தான்.

நான் வாசித்த கைப்பிரதிகளில் ஆபத்து பெரும்பாலும் முக்கியப் பாத்திரங்களில் இருப்பதில்லை. அப்பாவையும் அண்ணனையும் எழுதும்போது எழுத்தாளர் ஒவ்வொரு சொல்லாக நிறுத்துப் பார்த்திருப்பார். அரைப் பக்கம் வந்து போகிற நகைக்கடைக்காரர், கோயில் தர்மகர்த்தா, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரர் – இவர்களைத்தான் ஒரே வரியில் ‘கள்ளன்’ ஆக்கிவிட்டுப் போய்விடுவார். அந்த ஏஜென்சிக்காரருக்கு லோயர் வைக்கக் காசு இருக்கும்.

2. அடையாளம் தெரிகிறதா?

பெயர் போட்டால்தான் வழக்கு என்றில்லை. தெரிந்தவர்கள் வாசித்தால் ஆளைப் பிடித்துவிடுவார்களா என்பதே கேள்வி. யாழ்ப்பாணத்தில் அது மிகச் சுலபம். ஓர் ஊர், ஒரு பட்டப்பெயர், மூத்த மகன் எந்த நாட்டில், எத்தனையாம் திருவிழா உபயம் – இதில் இரண்டு சேர்ந்தால் போதும். நெடுந்தீவில் மோட்டார் சைக்கிளில் திரிகிற ஒரு பெண் மருத்துவிச்சி என்று எழுதினால் பெயரே தேவையில்லை. சாதியைக் குறிப்பது இன்னும் ஒரு படி மேல். ஊரோடு சாதியும் சேர்ந்தால் குறிச்சியே தெரிந்துவிடும், புண்படுவதும் கூடும்.

கூட்டமாகச் சொன்னால் பிரச்சினை குறைவு. ‘இந்த ஊரார் கஞ்சர்’ என்றால் யாரும் தனியாக வழக்குப் போட முடியாது. ‘அந்த ஆண்டு பரிபாலன சபையில் இருந்த ஐந்து பேரும் உண்டியலில் கை வைத்தவர்கள்’ என்றால் ஐந்து பேரும் போடலாம்.

சோதித்துப் பார்க்க ஊரில் ஒருவரிடம் வாசிக்கக் கொடுப்போம் என்று தோன்றும். கவனம். சம்பந்தப்பட்டவரைத் தவிர இன்னொருவர் கண்ணில் பட்டாலே சட்டப்படி அது வெளியீடு. வட்ஸ்அப் குழுவில் பீடிஎப் போடுவது புத்தகம் போடுவதற்குச் சமம். நம்பிக்கையான ஒருவர், முடிந்தால் ஊருக்கு வெளியே இருக்கும் ஊரவர், அச்சுப்படி ஒன்று, வாசித்ததும் திருப்பி வாங்குவது. அது போதும்.

3. மறைப்பது

இதில்தான் புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். ஆகவே ஓர் உதாரணத்தை எடுத்து நடந்து பார்ப்போம்.

தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலம். மண்ணெண்ணெய் இல்லை, வீடுகளில் ஜாம் போத்தல் விளக்கு. வடமராட்சியில் ஒரு கிராமம், அங்கே ஒரு கூட்டுறவுச் சங்கக்கடை, அதன் மனேச்சர். பங்கீட்டுக்கு வந்த மண்ணெண்ணெயை இரவில் பின்கதவால் விற்கிறார். வெற்றிலை போடுவார், கால் கொஞ்சம் இழுத்து நடப்பார், மகள் பள்ளிக்கூட ரீச்சர். இதை எழுதியவர் பெயரை மட்டும் மாற்றிவிட்டு வருகிறார்.

ஒரு கிராமத்துக்கு ஒரு சங்கக்கடை, ஒரு காலத்தில் ஒரு மனேச்சர். ஆள் பிடிபட்டுவிட்டார். ‘சரி, காலை நேராக்குகிறேன், வெற்றிலைக்குப் பதில் சுருட்டு’ என்கிறார் எழுத்தாளர். பயனில்லை. அமெரிக்காவில் 1979இல் தீர்ப்பான பிந்திரிம் எதிர் மிற்செல் வழக்கு இதற்கு நல்ல பாடம். நிர்வாணக் குழுச் சிகிச்சை நடத்திய உளவியலாளர் ஒருவரின் அமர்வில் ஒரு நாவலாசிரியை கலந்துகொண்டார், பிறகு நாவலில் அதைப் போன்ற மருத்துவரைப் படைத்தார். நிச ஆள் முகம் மழித்தவர், குட்டை முடி. நாவலில் வருபவர் நீண்ட வெள்ளை முடிக்காரர், பருத்த உடம்பு. இருந்தும் நாவலாசிரியை தோற்றார். அப்படிச் சிகிச்சை நடத்தியவர் யார் என்பது வாசித்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆளைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் தொழிலும் செயலும்தான், மீசை இல்லை.

அடுத்து எழுத்தாளர் சொல்கிறார்: ‘ஊரை மாற்றுகிறேன். தென்மராட்சிக்குக் கொண்டுபோகிறேன்.’ இது இன்னும் மோசம். தென்மராட்சியில் அந்தப் பெயருள்ள கிராமத்திலும் ஒரு சங்கக்கடை இருந்தது, அதிலும் ஒரு மனேச்சர் இருந்தார், அவர் ஒரு போத்தல் எண்ணெயும் திருடாதவர். 1908இல் இங்கிலாந்தில் இதுதான் நடந்தது. ஒரு ஞாயிறு பத்திரிகை, ஆர்ட்டிமஸ் ஜோன்ஸ் என்ற கற்பனைத் தேவாலயப் பொறுப்பாளர் மனைவியல்லாத பெண்ணோடு பிரான்சில் சுற்றுவதாக எழுதியது. அந்தப் பெயரில் நிசமான ஓர் அப்புக்காத்து இருந்தார். வழக்குப் போட்டு 1,750 பவுண் வாங்கினார், பிறகு அன்றைய உச்ச மன்றமான பிரபுக்கள் சபையும் அதை உறுதிசெய்தது. ‘அவரை நினைத்து எழுதவில்லை’ என்ற பதில் ஆங்கிலச் சட்டத்தில் எடுபடவில்லை. எங்கள் சட்டத்தில் நோக்கத்துக்கு இடம் உண்டு என்றாலும், அதை நிரூபிக்க நீங்கள் நீதிமன்றத்துக்கு நடந்து திரிய வேண்டும்.

பிறகு என்ன வழி? கதைக்கு உண்மையில் எது தேவை என்று கேளுங்கள். இந்தக் கதைக்குத் தேவை, பற்றாக்குறைக் காலத்தில் களஞ்சியத் திறப்பு யார் கையில் இருந்தது என்பது. சங்கக்கடையும் மனேச்சர் பதவியும் தேவையில்லை. நிவாரணம் பங்கிடும் ஒரு தற்காலிகக் குழு, அதில் சுற்றிச் சுற்றித் திறப்பு வைத்திருக்கும் நாலைந்து பேர், வரைபடத்தில் இல்லாத ஓர் ஊர்ப்பெயர். ஒருவருக்கு மகளைக் கொடுக்க வேண்டாம், வயதை இருபது வருடம் குறையுங்கள், தேவையென்றால் ஆணைப் பெண்ணாக்குங்கள். வேறு இரண்டு மூன்று பேரிடமிருந்து குணங்களை எடுத்து இவரில் ஏற்றுங்கள். இப்படி மாற்றும்போது பாத்திரம் பலமாகிவிடுவதையும் கண்டிருக்கிறேன். கால் இழுத்து நடப்பதை விட முடியாமல் பிடித்துக்கொண்டிருந்த எழுத்தாளருக்கு, அதை விட்டபின்தான் அந்த மனிதரின் பயம் தெரியத் தொடங்குகிறது.

ஒன்றை மட்டும் செய்ய வேண்டாம். அரைகுறையாக மறைத்துவிட்டு, கற்பனை என்ற துணிவில் அவர் செய்யாத இன்னும் நாலு கெட்ட காரியத்தைச் சேர்ப்பது. ஆளும் தெரிகிறது, செயலும் பொய். வழக்குப் போடுகிறவருக்கு இதைவிடச் சுலபமான நிலை கிடையாது. மறைக்க முடியாத ஆளென்றால் நிரூபிக்கக்கூடியதோடு நில்லுங்கள். கற்பனை செய்ய விருப்பமென்றால் முழுக்க மறையுங்கள்.

4. போர்க்கால நினைவுகள்

இங்கே தன்வரலாறு எழுதுகிறவர்கள் இதைத் தொடாமல் போவது அரிது. 1987, 1990, 1995 இடப்பெயர்வு, பிறகு வன்னி. இந்தப் பக்கங்களில் சட்டத்தைவிட மனிதரின் உயிரும் வாழ்வும் முதலில் வருகின்றன.

ஒருவரைத் ‘தலையாட்டி’ (முகமூடிக்குள் இருந்து தலையசைத்துப் படையினருக்கு ஆள் காட்டியவர்), ‘காட்டிக்கொடுத்தவர்’ என்று எழுதுவதை மிகப் பாரமான குற்றச்சாட்டாக எடுங்கள். சாக்குமுகமூடிக்குள் இருந்தவர் யாரென்று ஊருக்கு நிச்சயமாகத் தெரியும் என்பார்கள். அந்த நிச்சயத்தை நீதிமன்றத்தில் வைக்க முடியாது. நடந்ததை எழுதுங்கள்: முகமூடி, வரிசை, தலை அசைந்தது, யார் திரும்பி வரவில்லை. பெயரை விட்டால் அந்தக் காட்சிக்கு ஒரு குறையும் வராது.

‘இவர் இயக்கத்தில் இருந்தவர்’ என்பது உங்களுக்குப் பெருமையாகத் தோன்றலாம். அவர் புனர்வாழ்வு பெற்று வந்து, இப்போது அமைதியாகப் பிள்ளைகளைப் படிப்பிக்கிறவராக இருக்கலாம். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் பெயரில் விசாரணைக்குக் கூப்பிடுவது என்னவென்று தெரிந்தவர். வெளிநாட்டில் அகதிக் கோரிக்கை நிலுவையில் இருப்பவரென்றால், அங்கே அவர் கொடுத்த வாக்குமூலத்தோடு ஒத்துப்போகாத உங்கள் ஒற்றை வரி அவருக்கு எதிரான ஆவணமாகலாம். எழுதுவதற்கு முன் கேளுங்கள். கேட்க முடியாவிட்டால் மாற்றுங்கள்.

பாலியல் வன்முறைக்கு உள்ளானவரின் அடையாளத்தை வெளியிடுவது இங்கே தண்டனைச் சட்டக்கோவையின்படியே குற்றம். பெயரை மாற்றிவிட்டு, ஊரையும் பள்ளிக்கூடத்தையும் விட்டுவைத்தாலும் அடையாளம் அடையாளம்தான். நடந்துகொண்டிருக்கும் வழக்கைப் பற்றி எழுதுகிறவர்கள் 2024இல் வந்த நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தையும் லோயரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அரசு எழுத்தாளர் மேல் நேராகக் கை வைத்த சந்தர்ப்பங்களும் உண்டு. சக்திக சத்குமார என்ற சிங்கள எழுத்தாளர், பிக்குமார் வரும் ஒரு சிறுகதையை முகநூலில் இட்டதற்காக 2019 ஏப்ரலில் குடியியல், அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கைச் (ஐ.சி.சி.பி.ஆர்.) சட்டத்தின் கீழ் கைதாகி நாலு மாதம் விளக்கமறியலில் இருந்தார். 2021இல் விடுவிக்கப்பட்டார். மன்னாரைச் சேர்ந்த கவிஞர் அஹ்னாப் ஜசீம் தமிழ்க் கவிதைத் தொகுப்பு ஒன்றுக்காக 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதானார். 2021 டிசம்பரில்தான் பிணை, 2023இல் நிரபராதி என்று தீர்ப்பு. இருவர் கதையிலும் தண்டனை தீர்ப்புக்கு முதலே முடிந்துவிட்டது. இதை எழுதுவது பயமுறுத்த அல்ல. மதகுருமார், படையினர், இனம் என்று வரும் இடங்களில் மானநட்டத்தை மட்டும் பார்த்தால் போதாது என்பதற்காக.

5. கேட்பது

வெட்கத்தாலேயே பலர் இதைச் செய்வதில்லை. ஆனால் ஒரு வழக்கைத் தடுக்க இதைவிட மலிவான வழி இல்லை. கேட்கும் முறையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ‘அன்ரி, உங்களைப் பற்றி எழுதியிருக்கிறன், வாசிச்சு என்ன மாத்தவேணும் எண்டு சொல்லுங்கோ’ என்றால், மாற்றும் அதிகாரத்தை நீங்களே கொடுத்துவிட்டீர்கள். ‘அன்ரி, இந்தப் பகுதியிலை நீங்கள் வாறியள். நடந்ததிலை ஏதும் பிழையிருந்தால் சொல்லுங்கோ’ என்று கேளுங்கள். அவர் வரும் பக்கங்களை மட்டும் கொடுங்கள், முழுப் புத்தகத்தையும் அல்ல. பிழை சொன்னால் திருத்துங்கள். சம்மதமென்றால் திகதியோடு ஒரு தாளில் கையொப்பம்: எந்தப் பகுதி, அச்சுப் புத்தகமா, மின்னூலா, மொழிபெயர்ப்பும் சேர்த்தா. வாய்ச் சம்மதம், கலியாண வீட்டுச் சண்டையோடு மறந்துபோகும்.

இல்லை என்று சொன்னவரை எழுதவே கூடாது என்று சட்டம் இல்லை. அதற்குப் பிறகு கூடுதல் கவனம் வேண்டும், அவ்வளவுதான். இங்கிலாந்தில் பியானோக் கலைஞர் ஜேம்ஸ் ரோட்ஸ், சிறுவயதில் தனக்கு நடந்த பாலியல் கொடுமையைத் தன்வரலாறாக எழுதியபோது, மகனைப் பாதிக்கும் என்று முன்னாள் மனைவி தடை கேட்டார். 2015இல் உச்ச நீதிமன்றம் தடையை நீக்கி, தன் கதையைச் சொல்ல அவருக்கு உள்ள உரிமையை உறுதிப்படுத்தியது. உங்களுக்கு நடந்தது உங்களுடையது. பக்கத்தில் நின்றவரின் அந்தரங்கம் உங்களுடையதல்ல.

வேலைக்குச் சேரும்போது கையொப்பமிட்ட ஒப்பந்தங்களையும் தேடி எடுங்கள். தொண்டு நிறுவனங்களில் வேலை செய்தவர்கள் இங்கே நிறையப் பேர். இரகசியம் பேணும் வாசகம் அவற்றில் இருக்கக்கூடும். மேலே சொன்ன அமெரிக்க நாவலாசிரியையும் எழுதமாட்டேன் என்று கையொப்பமிட்டவர்தான். தாதி, வைத்தியர், உளவளத்துணையாளர் எழுதும் நினைவுகளில் நோயாளரின் கதைகள் இதே வகை.

6. கடிதம், படம், டயறி

எண்பதுகளில் ஜேர்மனியிலிருந்து மாமா எழுதிய எயர்மெயில்கள் உங்கள் றங்குப்பெட்டிக்குள் இருக்கலாம். தாள் உங்களுடையது. அதில் உள்ள எழுத்தின் பதிப்புரிமை மாமாவுடையது, அவர் இறந்தபின் 70 ஆண்டுகளுக்கு அவருடைய உரிமைக்காரருடையது. 2003ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டம் அப்படி. சில வரி மேற்கோள் காட்டலாம், முழுக் கடிதத்தை அச்சிட அனுமதி வேண்டும். ஸ்ரூடியோப் படங்களுக்கும் இதே கவனம்.

குடும்ப விபரங்களுக்கு, இறந்தவர் நினைவாக அச்சிடும் சிறுநூல்களான அந்தியேட்டிக் கல்வெட்டுகள் நல்ல துணை. பிறந்த ஊர், பிள்ளைகள், தொழில் எல்லாவற்றையும் குடும்பமே அச்சிட்டு விநியோகித்திருக்கும். அதைச் சொல்வதில் அந்தரங்க மீறல் என்று யாரும் குறைசொல்ல வரமாட்டார்கள்.

7. எங்கே வெளியாகிறது?

யாழ்ப்பாணத்தில் பெரும்பாலான புத்தகங்கள் எழுதியவரே காசு போட்டு அச்சிடுபவை. அப்படியென்றால் எழுத்தாளரும் நீங்கள், வெளியீட்டாளரும் நீங்கள். பாரத்தைப் பகிர ஆளில்லை. அச்சகத்தாரையும் வழக்கில் இழுக்கலாம் என்பதை அவருக்கும் சொல்லிவையுங்கள்.

சென்னையில் போடுகிறீர்கள் என்றால் கணக்கு மாறுகிறது. இந்தியாவில் அவதூறு இன்னும் குற்றம். 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு, இரண்டு ஆண்டு வரை சிறை. இறந்தவரின் குடும்பத்தை நோகடிக்கும் நோக்கத்தோடு அவரைப் பற்றி எழுதுவதும் அங்கே அவதூறாகலாம். பதிப்பகம் தரும் ஒப்பந்தத்தில் ‘வழக்கு வந்தால் செலவு முழுவதும் எழுத்தாளரைச் சேரும்’ என்ற வாசகம் இருக்கிறதா என்று பார்த்து, அதை வரையறுக்கக் கேளுங்கள். இந்தியாவின் நல்ல பக்கமும் ஒன்று இருக்கிறது. கொலைக் குற்றத்துக்காகச் சிறையில் இருந்த ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் பத்திரிகை வெளியிடுவதை அதிகாரிகள் தடுக்கப் பார்த்தபோது, 1994இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: பொது ஆவணங்களில் உள்ள அளவுக்கு ஒருவரின் வாழ்க்கையை அவர் சம்மதமின்றியே எழுதலாம், அதைத் தாண்டினால் அந்தரங்க மீறலாகலாம். அதிகாரிகள் முன்கூட்டியே தடைபோட முடியாது. ஆகவே நீதிமன்றத் தீர்ப்பு, ஆணைக்குழு அறிக்கை, பழைய பத்திரிகைச் செய்தி – இவற்றின் பிரதிகளைச் சேர்த்து வையுங்கள். இலங்கையிலும் அவை உங்கள் கையைப் பலப்படுத்தும்.

புலம்பெயர் சொந்தங்கள் அங்கேயே வழக்குப் போடலாமா? இணையத்தில் இருப்பது வாசிக்கப்படும் இடத்திலும் வெளியானதுதான் என்று அவுஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 2002இலேயே தீர்த்தது. இங்கிலாந்தில் 2013ஆம் ஆண்டின் அவதூறுச் சட்டத்துக்குப் பிறகு நிலைமை கொஞ்சம் இறுக்கமானது. பாரதூரமான பாதிப்பைக் காட்ட வேண்டும், ஓராண்டுக்குள் போட வேண்டும், எதிராளி வெளிநாட்டவர் என்றால் இங்கிலாந்துதான் பொருத்தமான இடம் என்றும் காட்ட வேண்டும்.

முகநூலில் தொடராக எழுதுகிறவர்களுக்கு 2024ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் சேர்கிறது. ஒருவரைத் துன்புறுத்தும் நோக்கத்தோடு அவருடைய அந்தரங்கத் தகவலை இணையத்தில் இடுவது அதில் குற்றம். அச்சுப் புத்தகத்தில் சிவில் வழக்கோடு நிற்கிற ஒரு பந்தி, இணையத்தில் வேறு வடிவம் எடுக்கலாம்.

8. லோயரிடம் போவது

வெளியீட்டு விழாவுக்கு மண்டபம் பதிய முதல் போங்கள். வீரசிங்கம் மண்டபத்துக்கு முற்பணம் கட்டி, அழைப்பிதழும் அடித்தபின் போனால், அவர் சொல்வது உங்கள் காதில் ஏறாது. காணி உறுதி எழுதுகிறவரைவிடச் சிவில் வழக்கு நடத்துகிறவர் நல்லது. முழுப் புத்தகத்தைக் கொடுத்து ‘பாருங்கோ’ என்றால் காசும் கூட, பயனும் குறைவு. ஆள்பட்டியலையும், சிவப்பு வட்டமிட்ட பக்கங்களையும், ஆதாரக் கோவையையும் கொண்டுபோய் அந்தப் பக்கங்களை மட்டும் காட்டுங்கள். முன்னுரை அறிவிப்பையும் அவரோடு இருந்தே எழுதலாம். நாவலுக்கு வழமையான வரி இருக்கட்டும், தீங்கில்லை. தன்வரலாற்றுக்கு ‘சிலரின் பெயர்களும் அடையாளங்களும் மாற்றப்பட்டுள்ளன, உரையாடல்கள் நினைவிலிருந்து எழுதப்பட்டவை’ என்பது நேர்மையான வாசகம். வருமானம் குறைந்தவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண நிலையத்தில் விசாரிக்கலாம்.

9. கோரிக்கைக் கடிதம் வந்தால்

வழக்குக்கு முதல் வழமையாக வருவது லோயர் கடிதம். இத்தனை லட்சம், இத்தனை நாளுக்குள் என்று இருக்கும். தொகையைப் பார்த்துப் பதற வேண்டாம், கேட்பதெல்லாம் கிடைப்பதில்லை. கடிதத்தைப் படம் எடுத்து முகநூலில் போட வேண்டாம். அது புதிய வெளியீடு, கெட்ட நோக்கத்துக்கும் சான்று. அனுப்பியவரின் மச்சானைப் பிடித்துச் சமாதானம் பேசுவதையும் லோயரைக் கண்டபின் செய்யுங்கள். அவசரத்தில் எழுதும் மன்னிப்புக் கடிதம் குற்ற ஒப்புதலாக வாசிக்கப்படும். திருத்தம், அடுத்த பதிப்பில் நீக்கம், மீதிப் பிரதிகளை நிறுத்துவது என்று பல வழிகளில் இவை முடிவதுண்டு. எது பொருந்தும் என்று லோயர் சொல்லட்டும். குறிப்புக் கொப்பிகள், ஒலிப்பதிவுகள், பழைய வரைவுகள் எதையும் அழிக்க வேண்டாம்.

இரண்டு ஆண்டு கழிந்துவிட்டது என்று நிம்மதியடைபவர்கள் மறுபதிப்பை நினைவில் வைக்க வேண்டும். மறுபதிப்பு புதிய வெளியீடாகக் கொள்ளப்படும், கிண்டிலில் ஏற்றுவதும் அப்படித்தான். ‘நூலகம்’ என்ற இணையத்தளம் போன்ற எண்ணிம நூலகத்துக்குப் பிரதி கொடுக்க எண்ணினால், பிரச்சினையான பக்கங்களைத் திருத்திய பதிப்பைக் கொடுங்கள். அங்கே ஏறிய புத்தகத்தை உலகம் முழுக்க இருக்கும் ஊரவர்கள் வாசிப்பார்கள்.